கவிழ்த்த டம்ளருக்குக் கோபம் என்று யார் சொன்னது

சீனு,

ஒன்பது நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில், போன் பண்ணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அன்னிக்கு நீ திரும்பி வர்றதாதான் போனியா?" என்றாய். எந்த நாளைக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. "தறி ஓடிக்கினு இருக்கு, ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் தறி ஓடாது என்பது உனக்குத் தெரியும். அப்புறம் நான்கு தடவை கூப்பிட்டாய். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்து, உன் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று பேசியே முடித்துவிட்டேன். இருபத்தொரு வருஷம் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை நீ கேட்டாய், நான் சமாளித்தேன். அதற்குப் பதில் சொல்லத்தான் இப்போது நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். பதிலை மட்டும் ஒரு வரியில் எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போன ஞாயிறு லாவண்யா இங்கே வந்திருந்தாள். உன்னிடம் சொல்லாமல், திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து, தனியாக. கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு பெண் மாமியார் வீட்டுக்குத் தனியாக வந்து நிற்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். உன் நைனா அவளைப் பார்த்து "வாம்மா" என்றுகூடச் சொல்லாமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். அவர் ஏன் அப்படிப் போனார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். அவள் உட்கார்ந்தாள். காபி கொடுத்தேன், குடித்தாள். தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாக, கையைப் பிசைந்துகொண்டு பேசினாள்.

"அத்தம்மா, பத்திரிகை அடிக்கக் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்றாள்.

"ஏம்மா, இன்னா ஆச்சு? சீனு எதுனா சொன்னானா?"

"சொன்னா பரவாயில்லயே. அவர் ஒண்ணும் சொல்லலை, கேக்கறதும் இல்ல. என் செருப்பைப் பாக்கறார், பையைப் பாக்கறார், நான் என்ன நெனைக்கறேன்னு அவரே முடிவு பண்ணிக்கறார்."

போன மாதம் அவள் உன் அறைக்கு வந்தபோது கைப்பையை மேஜைமேல் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாளாம். நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாயாம். கிளம்பிப் போனவளுக்கு மூன்று நாள் உன்னிடமிருந்து போன் இல்லை, அவள் கூப்பிட்டும் எடுக்கவில்லை. நாலாவது நாள், "உனக்கு இங்க இருக்க இஷ்டம் இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுது" என்று ஒரு வரி அனுப்பினாயாம். இதைச் சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை. பையைத் தூக்கி எனக்குக் காட்டினாள். "இதோட ஜிப் போயிட்டுது அத்தம்மா. கீழ வெச்சா எல்லாம் கொட்டிடும். அதான் மடியில வெச்சிருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

 அந்த மூன்று நாளை நான் நன்றாக அறிவேன். எங்கள் வீட்டில் அது பதினொரு மாதம் நடந்தது.

இனி உன் கண்காட்சிக்கு வருகிறேன். திருப்பதியில் அந்தக் கல்லூரி மண்டபத்தில் உன் படங்களை மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கமாட்டேன். கடைக்காரர்களுக்கு குக்கரையும் மிக்ஸியையும் பளபளவென்று படம் எடுத்துக் கொடுப்பதுதான் உன் வேலை, இது உன் ஆசைக்குச் செய்வது என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒரு தடவை நம் அடுப்படியில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு கரண்டியைப் படம் எடுத்தபோது எனக்கு விளக்கிச் சொன்னாய். "மேலேருந்து பாத்தா அது வெறும் கரண்டிம்மா. அதோட உயரத்துக்கு நாம எறங்கணும். அதோட கண்ணு மட்டத்துல பாத்தா அது ஒரு ஆளு." வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விட்டால் நிழல் நீளும், நிழல் நீண்டால் அந்தப் பொருளுக்கு ஒரு மனசு வந்துவிடும் என்றாய். இரண்டு பொருளுக்கு நடுவில் எவ்வளவு இடம் விடுகிறோமோ அதுதான் கதை, ஒரு விரல் விட்டால் ஊடல், ஒரு சாண் விட்டால் பிரிவு என்றாய். நான் சிரித்துக்கொண்டே அந்தக் கரண்டியை எடுத்துக் குழம்பில் போட்டேன். இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

நீ அந்தக் கேள்வி கேட்டதற்கு முதல் நாள், சனிக்கிழமை, நானும் உன் நைனாவும் மண்டபத்துக்கு வந்தபோது நீ யாரோ பெரியவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாய். ஒரு மாணவி எங்களைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகக் காட்டினாள். துண்டு போட்ட நாற்காலி தோள் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. வாய் திறந்த பூட்டு எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. உன் நைனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் பெருமைதான். பிறகு டம்ளர் படம் வந்தது. கவிழ்த்து வைத்த ஒரு பெரிய டம்ளர், பக்கத்திலேயே கவிழ்த்து வைத்த ஒரு சின்ன டம்ளர், ஒரு சாண் தள்ளி நிமிர்ந்து நிற்கிற ஒரு டம்ளர். அந்தப் பெண் யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல், பெரிய டம்ளரைக் காட்டி, "இதி நான்ன. கோபங்கா உன்னாடு" என்றாள். அப்பா கோபமாக இருக்கிறாராம். உன் நைனாவின் தலையாட்டல் நின்றது.

அடுத்த படம் அந்தப் பை. பாதி திறந்த கதவு, அதன் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு ரெக்சின் பை, கதவிடுக்கு வெளிச்சம் அதன் கைப்பிடிமேல் மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்து நிற்கிற பெண்ணைப்போல இருந்தது அது. கீழே 'சொல்லாதது' என்று பெயர் எழுதியிருந்தாய்.  உன் நைனா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று நடந்து கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். நீ ஓடி வந்து, "நைனாவுக்கு இன்னாம்மா ஆச்சு?" என்றாய். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். நம் ஊர் நகரி வரும்வரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து காபி போட அடுப்பைப் பற்றவைத்தேன். அவர் அலமாரியிலிருந்து தன் டம்ளரை எடுத்து, என் முன்னால் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு.

அந்தப் பதினொரு மாதம் எதனால் வந்தது என்று நீ என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உன் நைனாமேல் பழி போட்டுச் சொல்லியிருப்பேன். உண்மையில் தொடங்கி வைத்தது நான். நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. உன் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தீர்மான நோட்டை அவர் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுட்டு மொதல் கையெழுத்து நீங்க போடுங்க" என்றார் ஹெட்மாஸ்டர். பத்து வயதிலேயே தறியில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர் அவர். தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். நோட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி, "அவருக்கு எங்க சார் படிக்க வரும், காட்டுன எடத்துல கையெழுத்துதான் போடுவாரு" என்று சொல்லிச் சிரித்தேன். கூட்டமும் சிரித்தது. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது முழுக்க நிஜமில்லை. அரக்கோணத்தில் பத்தாவது வரை படித்தவள் நான் என்பது அத்தனை பேருக்கும் தெரியட்டும் என்ற எண்ணமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்ன பெரிசாகச் சொல்லிவிட்டோம் என்ற வீம்பு.

அதற்குப் பிறகு நம் வீட்டில் பொருள்கள்தான் பேசின. டம்ளர் கவிழ்ந்திருந்தால் காபி வேண்டாம். தட்டு எடுத்துப் போட்டிருந்தால் சோறு போடு. சட்டை கதவில் தொங்கினால் பித்தான் போய்விட்டது என்று அர்த்தம். நானும் சும்மா இருக்கவில்லை. பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவர் செருப்பைக் கூட்டித் தள்ளுவதுபோல் தெருப்பக்கம் தள்ளிவிடுவேன். அவர் துண்டை மட்டும் துவைக்காமல் கொடியில் உலர்ந்த மேனிக்கே விட்டுவிடுவேன். பொருள் சொல்ல முடியாததற்கு நீ இருந்தாய். "நைனாகிட்ட சொல்லு, நூல்காரரு வந்துக்கினு இருக்காராம்." "அம்மாகிட்ட சொல்லு, நான் துன்னுட்டேன்." எட்டு வயதுப் பிள்ளை அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நீ எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டாய். வாசலில் நின்று செருப்பு எப்படிக் கிடக்கிறது, டம்ளர் எப்படி இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பாய். அதை நான் பார்த்திருக்கிறேன். சமர்த்துப் பிள்ளை, நிலைமை தெரிந்து நடந்துகொள்கிறான் என்று மெச்சிக்கொண்டேன். நீ பயந்துகொண்டிருந்தாய் என்று எனக்கு உறைக்கவில்லை. உன் படங்களைப் பார்த்து எல்லாரும் இது கடவுள் கொடுத்த வரம் என்கிறார்கள். அது எங்கே கற்றது என்று எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்த நாள். காலையில் நைனாவிடம் ஏதோ சொல்லும்படி உன்னை அனுப்பினேன். என்னவென்று ஞாபகமில்லை. நீ போகவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். நீ என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பாலைக் குடித்து முடித்தாய். உன் சின்ன டம்ளரைக் கொண்டுபோய், ஏற்கெனவே கவிழ்ந்திருந்த உன் நைனாவின் டம்ளருக்குப் பக்கத்தில், கவிழ்த்து வைத்தாய். பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் அந்த இரண்டு டம்ளரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றாவது என் பக்கம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் சீனு. உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபம்கூட இல்லை, பயம். இன்னும் பத்து வருஷத்தில் இந்த வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் என்னிடம் பேசாமல் நடமாடுவார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நாலு புடவையை ரெக்சின் பையில் திணித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அரக்கோணத்துக்கு, உன் மாமன் வீட்டுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு மத்தியான வண்டிக்குக் காத்திருந்தேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நான் திரும்பி வருவதாகப் போகவில்லை. உன்னைக் கூட்டிப்போகவும் நினைக்கவில்லை. உன் நைனாவை விட்டுப் போனேன் என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். அன்றைக்கு நான் உன்னையும் சேர்த்துத்தான் விட்டுவிட்டுப் போனேன். இதை எழுதக் கை வரவில்லை. காலையில் எழுதி அடித்துவிட்டு, இப்போது மறுபடி எழுதுகிறேன்.

திரும்பி வந்தது எப்படி என்றால், பாசம் இழுத்து வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வண்டி திருத்தணியை நெருங்கும்போது முகம் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். வீட்டுச் சாவி தட்டுப்பட்டது. எப்போதும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற சாவி. பழக்கத்தில் பூட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது நம் தறி அடுத்த தெருவில் வாடகைக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தது. உன் நைனா ஆறு மணிக்குத்தான் வருவார். நாலு மணிக்கு நீ வந்து பூட்டைப் பார்ப்பாய். எதைப் பார்த்தாலும் அதற்கு அர்த்தம் சொல்லத் தெரிந்த பிள்ளை, அந்தப் பூட்டுக்கும் ஒரு அர்த்தம் சொல்லிக்கொள்வாய் என்று நினைத்தேன். திருத்தணியில் இறங்கிவிட்டேன். சாவி இல்லாவிட்டால் இறங்கியிருப்பேனா என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை. உன்னிடம் தெரியும் என்று பொய் எழுதமாட்டேன்.

எதிர்வண்டிக்காகக் காத்திருந்து வந்து சேர்ந்தபோது ஐந்து மணியாகிவிட்டது. நீ வாசற்படியில் உட்கார்ந்திருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தாய். "தையக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன். "பசிக்குதும்மா" என்றாய். கதவைத் திறந்ததும் என் கையிலிருந்த பையை வாங்கி, தூக்க முடியாமல் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டுபோய், கதவுக்குப் பின்னால் வைத்து, கதவை அதன்மேல் சாத்தினாய். நைனா வருவதற்கு முன்னால். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உனக்கு உப்புமா கிளறிக் கொடுத்தேன். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அன்று நான் முடிவு செய்துகொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு அதிசயம் நடந்தது. முனிசிபாலிடிக் குழாயடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன். உன் நைனா பின்னால் வந்து, "தண்ணி வருதா?" என்றார். பதினொரு மாதத்துக்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை. "வருது" என்றேன். "குடத்த குடு, நான் தூக்கறேன்" என்றார். அப்படியே பேச்சு வந்துவிட்டது. ஏன் நின்றது என்று அவரும் சொல்லவில்லை, ஏன் வந்தது என்று நானும் கேட்கவில்லை. அலுத்துப்போய்விட்டார்போல என்று இருந்துவிட்டேன்.

கண்காட்சிக்குப் பிறகு மறுபடி அவர் டம்ளரைக் கவிழ்த்தபோது, பழைய நான் திரும்பி வந்துவிட்டேன். முதல் நாள் நானும் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். அந்தப் படத்திலிருந்து அவர் கண்டுபிடித்துவிட்டார், நான் ஓடிப்போன கதை இப்போதுதான் தெரிந்திருக்கிறது, இனி இந்தக் கல்யாணம் எப்படி நடக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால் ஊமையாக நிற்பாரோ, மணவறையில் என் பக்கத்தில் நிற்காமல் போய்விடுவாரோ என்று என்னென்னவோ. எட்டு நாள் ஓடிவிட்டது. லாவண்யா வந்து அந்த ஜிப் போன பையைக் காட்டிவிட்டுப் போன பிறகுதான், இதை இனி ஒரு நாள்கூட விடக்கூடாது என்று தோன்றியது.

திங்கட்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் நின்றன. அவர் பின்கட்டில் அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அவர் எழப் பார்த்தார்.

"எழுந்து போவாதீங்க" என்றேன். "நான் சொல்றத கேட்டுட்டு அப்புறம் எங்க வேணா போங்க. சீனு மூணாவது படிக்கும்போது ஒருநாள் நான் வீட்ட விட்டுப் போனேன். திருத்தணி வரைக்கும் போயிட்டு வந்தேன். அந்தப் பைதான் அந்தப் படம்."

அவர் இழையைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். "தெரியும்" என்றார்.

"இப்பத்தான தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே தெரியும். ஸ்டேஷன்ல டீ விக்கறவன் கொட்டகைக்கு வந்து சொன்னான். உங்க வீட்டம்மா பையோட அரக்கோணம் வண்டி ஏறினாங்கன்னு. நான் தறிய நிறுத்திட்டு ஓடியாந்தேன். தெருமுனையில வரும்போது நீ கதவத் தெறந்துகினு இருந்த. புள்ள பைய இழுத்துக்கினு உள்ள போனான். நான் அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

 இருபத்தொரு வருஷம் இந்த மனுஷனோடு ஒரே கூரையின்கீழ் இருந்திருக்கிறேன். "அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"கேட்டா ஏன் போனேன்னு நீ சொல்லிடுவியே. அதக் கேக்கத் தெம்பில்ல எனக்கு. அதான் மறுநாளு பேசிட்டேன்."

"இப்ப ஏன் மறுபடியும் பேசாம இருக்கீங்க? அப்ப தெரிஞ்சதுதானே?"

அவர் இன்னொரு இழையை முடிச்சுப் போட்டார். "எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அந்தப் புள்ளைக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதே. நீ ஏதோ பை குடுத்த, இழுத்துக்கினு போறான்னு இருந்துட்டேன். எட்டு வயசுல அத மனசுல வெச்சிக்கினு எங்கிட்ட நைனா நைனான்னு வந்துகினு இருந்திருக்கான். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு பேசறது?"

அப்போதுதான் நான் அந்தப் பள்ளிக்கூட விஷயத்தை எடுத்தேன். அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றேன். "நீ சொன்னதுகூட இல்ல" என்றார். "சிரிச்ச."  நான் மன்னிப்புக் கேட்டேன். கரண்ட் வந்தது. தறியைப் போட அவர் எழவில்லை. "அந்தப் பதினொரு மாசம் நான் டம்ளர கவுத்தது கோவத்துல இல்ல" என்றார் கொஞ்சம் கழித்து. "மொத நாளு கோவம்தான். அப்புறம் எப்டி மறுபடியும் பேச ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஒவ்வொரு நாளும் நீ ஒரு வார்த்த பேசினா பேசிடலாம்னு இருப்பேன். நீ பாத்திரத்தப் போட்டு ஒடைப்ப."

சீனு, உன் படத்தில் அந்தப் பெரிய டம்ளர் கோபமாக இருக்கிறது. அப்படித்தான் அதற்கு வெளிச்சம் விட்டிருக்கிறாய். நானும் பதினொரு மாதம் அதை அப்படித்தான் படித்தேன். நாம் இரண்டு பேருமே தப்பாகப் படித்துவிட்டோம். அது ஒரு வார்த்தைக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இதனால் அந்தப் படத்தை நீ கழற்ற வேண்டாம். பையின் படத்தையும் எனக்காக எடுக்கவேண்டாம். அடுத்த கண்காட்சியிலும் வை. படம் நன்றாகத்தான் இருக்கிறது. டம்ளருக்கும் பூட்டுக்கும் நாற்காலிக்கும் நீ என்ன மனசு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவை மறுக்காது. பக்கத்தில் வாய் உள்ள மனுஷி இருக்கும்போது அவள் பையைப் பார்த்து அவள் மனசை எழுதாதே. அவள் மறுத்துச் சொல்ல இடம் கொடு. உன் படம் எடுக்கிற கண், எங்களால் உனக்கு வந்தது. வீட்டுக்குள் நுழையும்போது அதை வெளியே வைத்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். உனக்குச் சந்தேகம் வந்தால், கோபம் வந்தால், அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, கேட்டுவிடு. அவள் சொல்கிற பதில் உனக்குப் பிடிக்காமல் போகலாம். உன் நைனா பயந்தது அதற்குத்தான். அந்தப் பயத்தில் எங்களுக்கு இருபத்தொரு வருஷம் போயிற்று. லாவண்யாவிடம் நான் உனக்காக ஒன்றும் பேசவில்லை. "அவன் நல்ல பையன், நீ பொறுத்துப்போ" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டேன். நேரம் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றிவிட்டேன். அவளிடம் போய்ப் பேசவேண்டியவன் நீ. அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அதை அவள் வாயால் கேட்டுவிட்டு வா.

இவ்வளவையும் நேற்று எழுதி முடித்துவிட்டு, இன்று காலையில் உன் நைனாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடக் கூட்டம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "படி" என்றார். படித்தேன். நான் உன்னை விட்டுப் போனதாக எழுதியிருந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முடிந்ததும் தாள்களை வாங்கி அடுக்கினார். பிறகு, "இத தபால்ல போடப் போறியா?" என்றார். ஆமாம் என்றேன். "அவன் தனியா உக்காந்து படிப்பான். படிச்சுட்டு இன்னா நெனைப்பான்னு நமக்கு எப்டித் தெரியும்?" என்றார்.  "அவன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும், எழுதிக்கோ" என்று தொடங்கினார். நான் பேனாவை மூடிவிட்டேன். இத்தனை நாள் நடுவில் ஆள் வைத்துப் பேசினது போதும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் எழுந்துபோய் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். திருப்பதிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அதனால் இந்தக் கடிதத்தை நாளை, வியாழக்கிழமை, உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பவர் அவர்தான். இதில் ஒரு எழுத்துக்கூட அவருக்குப் படிக்க வராது. ஆனால் எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரியும். நீ இந்த வரிக்கு வரும்போது அவர் உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார், எந்தப் பக்கம் படிக்கிறாய் என்று பார்த்துக்கொண்டு. என்னிடம் எழுதிக்கொள்ளச் சொன்னது என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. தாளைக் கீழே வை, சீனு. தலையை நிமிர்த்தி அவரைக் கேள்.

அம்மா